ஒரு வாரத்துச் சீன நிபுணர்

மார்ச் பிறந்துவிட்டால் ஷென்ஜெனில் அவர் நடமாட்டம் தொடங்கிவிடும். ஹாங்காங்கிலிருந்து கால் மணி நேரத்தில் வந்து சேரும் அதிவேக ரயிலில் ஃபூத்தியன் நிலையத்தில் இறங்குவார். வயது இருபத்தேழு, மிஞ்சினால் முப்பது. கசங்காத சட்டை, பல்கலைக்கழகத்தின் பெயர் பொறித்த முதுகுப்பை, கூடவே அதே அச்சில் வார்த்த நாலைந்து பேர். அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ எம்.பி.ஏ. படிக்கிறவர்கள். பாடத்திட்டத்தில் ஒரு பகுதியாக, இங்கே உள்ள ஏதோ ஒரு தொழிற்சாலைக்கு ஒரு வாரம் ஆலோசனை வழங்க வந்திருக்கிறார்கள். தொழிற்சாலை காசு தர வேண்டியதில்லை. ஆலோசனை சொல்கிறவர்களே அதற்காகக் கல்லூரிக்குப் பணம் கட்டிவிட்டு வருகிறார்கள் என்பதை இங்கத்து முதலாளிகளால் இன்றுவரை நம்ப முடியவில்லை. இதில் ஏதோ சூட்சுமம் இருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நான் இந்த ஊரில் மின்னணு உதிரிபாகம் வாங்கிக் கப்பலேற்றும் தொழிலில் இருப்பவன். எனக்குப் பழக்கமான இயர்போன் தொழிற்சாலை முதலாளி ஒருவர், மாணவர்கள் வரும்போதெல்லாம் என்னையும் வரச் சொல்வார். இங்கிலீஷ் தெரிந்த ஆள் பக்கத்தில் இருந்தால் அவருக்கு ஒரு தெம்பு. அப்படித்தான் இந்த இனத்தைக் கிட்டத்தில் இருந்து கவனிக்கும் பாக்கியம் வாய்த்தது.

வந்து இறங்கிய ஆலோசகருக்கு முதலில் நேர்வது வாய்ப்பூட்டு. ஓட்டல் வைஃபையில் கூகுள் திறக்காது, வாட்ஸ்அப் சுற்றிக்கொண்டே நிற்கும். ஊரிலேயே விபிஎன் போட்டுக்கொண்டு வந்த சக மாணவர் அந்த ஒரு மணி நேரத்துக்குக் குழுத் தலைவர் ஆகிவிடுவார். அடுத்தது பணம். ஹாங்காங்கில் மாற்றிய புத்தம்புது நூறு யுவான் தாளைப் பழக்கடை அம்மாளிடம் நீட்டுவார். அந்தம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சில்லறை தேடி உள்ளே போவாள். அதற்குள் பின்னால் நின்ற பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று கைக்கடிகாரத்தைக் காட்டிக் காசு செலுத்திவிட்டுத் தர்பூசணித் துண்டோடு நடையைக் கட்டிவிடும்.

அன்று மாலைக்குள் அலிபேயில் தன் கார்டை இணைத்துவிடுவார். இணைத்த கையோடு மதம் மாறியவருக்குரிய தீவிரம் வந்துவிடும். "எதிர்காலத்தையே பார்த்துவிட்டேன்" என்பார் எதிர்ப்பட்டவரிடமெல்லாம். இந்த வருடக் குழுவில் கோயம்புத்தூர்ப் பையன் ஒருவனும் இருந்தான். மற்றவர்கள் க்யூஆர் அட்டையைப் போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, அவன் என் காதோரம் வந்து, "எங்கூர்ல கீரைக்காரம்மா வரைக்கும் இதத்தானுங்கண்ணா வெச்சிருக்காங்க" என்றான். ஆனால் அவனையும் ஒன்று ஆட்டிவிட்டது. எட்டு வழிச் சாலையின் ஓரத்தில் நின்று ரொம்ப நேரம் காதைத் தீட்டிக் கேட்டுவிட்டு, "ஏனுங்கண்ணா, ஒருத்தரும் ஹாரனே அடிக்க மாட்டேங்கறாங்களே?" என்றான். அடித்தால் அபராதம். அதுபோக, 2017 முடிவதற்குள்ளேயே 16,000-க்கும் மேற்பட்ட நகரப் பேருந்துகள் அத்தனையையும் மின்சாரத்துக்கு மாற்றிய ஊர் இது, அதனால் இஞ்சின் உறுமலும் இல்லை. இதை நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே, சத்தமே இல்லாத மின்சார ஸ்கூட்டர் ஒன்று நடைபாதையில் பின்னாலிருந்து வந்து அவன் முழங்கையை உரசிக்கொண்டு போயிற்று. அதன்பிறகு ஹாரனின் அருமை பற்றி எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கவில்லை.

இரண்டாம் நாள் காலைச் சிற்றுண்டிக்குள் ஆலோசகர் நிபுணராகிவிடுவார். நிபுணரின் முதல் வாக்கியம் எப்போதும் ஒன்றுதான்: "நாற்பது வருடத்துக்கு முன்னால் இது வெறும் மீன்பிடிக் கிராமம்." எந்தக் கல்லூரியின் பவர்பாயின்ட்டைத் திறந்தாலும் முதல் பக்கத்தில் இடதுபுறம் வயல்வெளியின் கறுப்பு வெள்ளைப் படம், வலதுபுறம் 599 மீட்டர் உயரத்தில் பிங் ஆன் கோபுரம், நடுவில் ஒரு அம்புக்குறி. அந்த அம்புக்குறிக்குள் எத்தனை பேரின் முதுகெலும்பு இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

கிராமக் கதை சுவையானதுதான், உண்மையில்லை என்பதைத் தவிர வேறு குறை சொல்ல முடியாது. 1979-இல் நகரமாகப் பெயர் மாறும்வரை இது பாவோஆன் என்ற மாவட்டம். மூன்று லட்சம் பேருக்கு மேல் வாழ்ந்த இடம். இங்குள்ள நான்தோ பழைய நகரம் 331-ஆம் ஆண்டிலேயே ஆட்சித் தலைமையிடமாக இருந்தது. உப்பு விளைந்தது, சிப்பி வளர்த்தார்கள், கோட்டைச் சுவர் எழுப்பினார்கள். 1980-இல் சிறப்புப் பொருளாதார மண்டலம் வந்தது. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை ஒரு கோடியே 75 லட்சத்தைத் தாண்டியது. இந்த எண்களே வாயைப் பிளக்கப் போதும். ஆனால் கிராமம் இல்லாவிட்டால் அம்புக்குறிக்கு அழகில்லையே. நான்தோவின் கோட்டை வாசலுக்கே கூட்டிக்கொண்டு போய் ஒரு ஆலோசகரிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ரொம்ப சுவாரசியம், ஆனால் ஸ்லைடில் இடம் இல்லை" என்றார்.

தாமரை மலை உச்சியில் டெங் சியாவோபிங் கோட்டு பறக்க நடைபோடும் சிலைக்கு முன்னால் எல்லோரும் அதே நடையில் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அதை விரிப்பானேன்.

விரித்துச் சொல்ல வேண்டியது ஹுவாச்சியாங்பெய். உலகத்தின் மின்னணுச் சந்தை என்று பேர் வாங்கிய தெரு. உள்ளே மாடி மாடியாகக் கண்ணாடிப் பெட்டிக் கடைகள். ஒரு கடை ஒரு ஆள் கை நீட்டும் அகலம். சிப்புகள் சுருள் சுருளாகக் கிடக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் பார்சலுக்கு டேப் இழுக்கும் டர்ர் சத்தம், தள்ளுவண்டிச் சக்கரத்தின் கடகடப்பு, கல்லாவுக்கு அடியில் வீட்டுப்பாடம் எழுதும் குழந்தை. போன வருடத்து ஆலோசகர் ஒருவர் இங்கே கள ஆய்வு செய்வதைக் கண்ணாரக் கண்டேன். சார்ஜர் கேபிள் விற்கும் ஒரு பெண். ஒரு கையில் சாப்பாட்டு டப்பா, இன்னொரு கையால் கேபிள்களை எண்ணிக்கொண்டிருந்தாள். இவர் மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்து, "போட்டியாளர்களிடமிருந்து உங்களை வேறுபடுத்திக் காட்ட என்ன உத்தி வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். செயலி அதைச் சீனத்தில் சத்தமாகச் சொல்லிற்று. அவள் சாப்பாட்டு டப்பாவைக் கீழே வைத்துவிட்டுக் கால்குலேட்டரை எடுத்து 3.2 என்று தட்டிக் காட்டினாள். ஆலோசகர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தார். அவள் 3.0 என்று தட்டினாள். "இல்லையில்லை, நீண்டகால நோக்கு..." என்று இவர் தொடங்கினார். 2.8. இவர் பெருமூச்சு விட்டார். 2.6, அதற்குமேல் கிடையாது என்பதுபோல் கால்குலேட்டரைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள். ஐம்பது கேபிளோடு வெளியே வந்த ஆலோசகர், வியாபாரிகளிடம் உத்தி எதுவும் இல்லை என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

மூன்றாம் நாள்தான் தொழிற்சாலை. இரண்டு கையாலும் விசிட்டிங் கார்டு கொடுக்க வேண்டும் என்று எங்கோ படித்துப் பெட்டி நிறைய அச்சடித்துக்கொண்டு வந்திருப்பார். முதலாளி அதை மேசையில் வைத்துவிட்டு வீசாட் கோடை நீட்டுவார், ஸ்கேன் பண்ணு என்று. பிறகு தேநீர். முதலாளி சாவ்ஷான் பக்கத்துக்காரர். கட்டைவிரல் பருமனில் ஒரு கிண்ணம். குடித்த மாத்திரத்தில் மறுபடி நிரப்புவார். ஊற்றும்போது மேசையில் இரண்டு விரலால் தட்டி நன்றி சொல்வது இங்கே வழக்கம். ஆலோசகர் இந்தத் தட்டலை அவசரத்தின் அறிகுறி என்று எண்ணி நேரே விஷயத்துக்கு வந்துவிடுவார். அந்தத் தேநீரின் நடுவில் முதலாளி அலட்சியமாகச் சொல்வதுதான் விஷயம் என்பது அவருக்கு எட்டுவதில்லை. இந்த வருடம் நான் பக்கத்திலேயே இருந்து கேட்டேன். "வாடகை ஏறிக்கொண்டே போகிறது. டோங்குவானில் மச்சான் ஒரு இடம் பார்த்திருக்கிறான்" என்றார் முதலாளி. ஆலோசகர்கள் மரியாதையாகத் தலையாட்டினார்கள். குடும்பக் கதை பேசுகிறார் என்று நினைத்து ஒருவரும் பேனாவை எடுக்கவில்லை.

பேனா வெளியே வந்தது மதியத்தில். பன்னிரண்டரைக்கு அலுவலகத்தில் விளக்கை அணைத்துவிட்டார்கள். மேசைக்கு அடியிலிருந்து மடக்குக் கட்டில்கள் வெளியே வந்தன. கணக்காளர், வடிவமைப்பாளர், வரவேற்பறைப் பெண் எல்லோரும் கண்மறைப்பு மாட்டிக்கொண்டு படுத்துவிட்டார்கள். ஆலோசகர் இருட்டில் உட்கார்ந்து, இத்தனை பேர், இத்தனை நிமிடம் என்று பெருக்கிப் பார்த்து வேலை நேர இழப்பைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தார். அதே ஆட்கள் ராத்திரி ஒன்பது மணிக்கும் அங்கேயே இருப்பார்கள் என்பதைப் பார்க்க அவர் இருக்கவில்லை. ஐந்து மணிக்கே ஓட்டல் வேன் வந்துவிட்டது. கோயம்புத்தூர்ப் பையன் மட்டும் நாற்காலியைச் சாய்த்துப் போட்டுக்கொண்டு ஊரோடு ஒத்துப்போனான்.

கடைசி நாள் விளக்கக்கூட்டம். அறுபது ஸ்லைடு. சொந்த பிராண்ட் உருவாக்குங்கள், பொருள் வகைகளைப் பாதியாகக் குறையுங்கள், வெளிநாட்டு வாடிக்கையாளர்களை நம்பி இராதீர்கள். ஆபத்துகள் என்று தனி ஸ்லைடே இருந்தது: வர்த்தகப் போர் இருந்தது, பருவநிலை மாற்றம் இருந்தது, வாடகை இல்லை. முதலாளி பொறுமையாகக் கேட்டார், கைதட்டினார், விருந்து கொடுத்தார். பைஜியு மதுவின் மூன்றாம் சுற்றில் கல்லூரிக்கும் தொழிற்சாலைக்கும் இடையே நிரந்தர சகோதரத்துவம் ஏற்பட்டது.

அவர்கள் கிளம்பிப் போனதும் முதலாளி மேசை இழுப்பறையைத் திறந்து போன வருட அறிக்கையை என்னிடம் நீட்டினார். வேறு கல்லூரி, அதே பளபளப்பு. பொருள் வகைகளை இரண்டு மடங்காக்குங்கள் என்று அதில் இருந்தது.

"எது சரி?" என்று கேட்டேன்.

"ரெண்டுமே படித்த பிள்ளைகள் சொன்னது" என்றார். "நான் டோங்குவானுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்."

"பின்னே எதற்கு வருஷா வருஷம் கூப்பிடுகிறீர்கள்?"

என்னை வரவேற்பறைக்கு அழைத்துக்கொண்டு போனார். சுவரில் தொழில் உரிமத்துக்குப் பக்கத்தில் போன வருடக் குழு, அசெம்பிளி லைனுக்கு முன்னால் கைகட்டி நிற்கிறது. கீழே தங்க எழுத்தில் 'சர்வதேச நிபுணர் குழு வருகை'. புதிதாக வரும் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே வருகிறார்களாம். அதன்பிறகு விலையில் ரொம்ப இழுப்பதில்லையாம். இந்த வருடப் படத்துக்குச் சட்டம் போடச் சொல்லியாயிற்று.

"அடுத்த வருஷக் குழுவுக்கு டோங்குவான் முகவரி அனுப்பிவிடு" என்றார் என்னிடம். "அறிக்கை எப்படி இருந்தாலும் பரவாயில்லை. உயரமான ஆளாக ரெண்டு பேர் வரட்டும். புது வரவேற்பறைச் சுவர் இதைவிடப் பெரிசு."