அவர் சொல்ல வர்றது என்னன்னா

இரண்டு பேர் நிம்மதியாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது நடுவில் வந்து உட்கார்ந்து, ஒருவர் தொடைமேல் கையை வைத்து, "இருங்க, அண்ணன் சொல்ல வர்றது என்னன்னா…" என்று ஆரம்பிப்பாரே, அவரைத்தான் சொல்கிறேன். உங்கள் ஊரிலும் ஒருவர் இருப்பார். இல்லையென்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர்.

தனிப்பட்ட யாரையும் நான் குறிப்பிடவில்லை. ஒரு வகை மனிதர்களைப் பற்றிப் பொதுவாகச் சொல்கிறேன், அவ்வளவுதான். இந்த வகையினர் பொதுவாகக் கூட்டுறவுச் சங்கத்தில் வேலைபார்த்து ஓய்வு பெற்றிருப்பார்கள். பொதுவாகக் கைக்கடிகாரத்தை உள்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருப்பார்கள். பொதுவாக என் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டில் குடியிருப்பார்கள்.

எங்கள் பஸ் ஸ்டாப் டீக்கடையில் காலை ஆறரை மணிக்கு டெய்லரும் மேஸ்திரியும் ஆரம்பிப்பார்கள். 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தனிக்கட்சி கண்டபோது பிரிந்தவர்கள். அதற்கு முந்தின நாள் வரை ஒரே கிளைக்கழகம், போஸ்டர் ஒட்டப் போவது ஒரே சைக்கிளில். பிரிந்த பிறகு சைக்கிள் யாருக்கு என்பதில் வந்த வழக்கு இன்னும் தீரவில்லை என்றாலும், மற்றபடி அரசியல்தான்.

"1982ல சத்துணவு கொண்டாந்தது யாரு?" என்பார் மேஸ்திரி.

"வெறும் சோத்தப் போட்டீங்க. 89ல அதுல முட்டை வெச்சது யாரு?" என்பார் டெய்லர்.

"முட்டையாம் முட்டை! ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு. அதைக் கோழி போட்டுச்சா, உங்க தலைவர் போட்டாரா?"

வசனம் இருவருக்கும் மனப்பாடம். மேஸ்திரிக்கு இருமல் வந்துவிட்டால் அவருடைய வரியையும் டெய்லரே சொல்லி, அதற்குப் பதிலும் சொல்லிவிடுவார். கடைசியில் "போய்யா", "நீ போய்யா" என்று முடித்து, யாராவது ஒருவர் இரண்டு டீக்கும் காசு கொடுப்பார். இத்தனை வருஷமாக இதில் யாருக்கும் ரத்தக்கொதிப்பு ஏறியதில்லை. இவர் ஓய்வு பெற்று ஊரோடு வந்து சேரும்வரை.

கோழி கேள்விக்குப் பதில் சொல்ல டெய்லர் வாயைத் திறப்பார். நல்ல பதில்தான், அதற்காகவே நாங்கள் இரண்டாவது டீ சொல்லிவிட்டுக் காத்திருப்போம். அதற்குள் தொடையில் கை விழுந்துவிடும்.

"கோபப்படாதீங்கண்ணே. மேஸ்திரி அண்ணன் சொல்ல வர்றது என்னன்னா, அந்த முட்டைத் திட்டத்து மேல அவருக்கு ரொம்ப மதிப்பு. அதை அடிக்கடி போட்டிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்னு ஒரு ஆதங்கம்."

"எனக்கு ஆதங்கமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல" என்பார் மேஸ்திரி.

"இருக்குண்ணே. உள்ளுக்குள்ள இருக்கு. உங்களுக்கே தெரியல."

டெய்லருக்குச் சிரிப்பு வந்துவிடும். உடனே கை மேஸ்திரியின் தொடைக்கு மாறும். "டெய்லர் அண்ணன் சிரிச்சாருல்ல, அதை ஏளனம்னு எடுத்துக்காதீங்க. சோறு இல்லாம முட்டையை மட்டும் வெச்சு என்ன பண்றது, அடித்தளம் உங்க தலைவர் போட்டதுதானேன்னு சொல்ல வர்றார்."

"நான் எப்பய்யா சொன்னேன்? காமராஜர் 1956லயே போட்ட சோறுய்யா அது!"

"பாத்தீங்களா, இப்ப காங்கிரஸையும் மதிச்சுப் பேசுறார். உரையாடல்னா இதுதான்."

இப்படியே போகும். இருவரும் சொன்ன ஒரு வார்த்தைகூட அவர் காதில் விழாது. சொல்ல வந்தது மட்டும்தான் விழும். சொல்ல வந்தது என்னவென்று சொன்னவருக்கே தெரியாது, இவருக்குத்தான் தெரியும். ஒருமுறை மேஸ்திரி வெறுத்துப்போய், "யோவ், உன்ன நாயேன்னு திட்டறேன். இதுல நான் சொல்ல வர்றது என்ன?" என்று கேட்டார். இவர் கொஞ்சமும் அசரவில்லை. "நாய் நன்றியுள்ளது" என்றார்.

எங்கோ ஒரு பயிலரங்குக்குப் போய்விட்டு வந்த பிறகு நிலைமை முற்றியது. மாறுபட்ட கருத்துள்ளவர்கள் எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும் என்று அங்கே சொல்லிக் கொடுத்தார்களாம். கையில் ஒரு பொருளை வைத்திருப்பவர்தான் பேசலாம், மற்றவர்கள் கேட்க வேண்டும், பிறகு பொருளை அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். டீக்கடையில் என்ன பொருள் இருக்கிறது? காலி டம்ளரை எடுத்து டெய்லர் கையில் கொடுத்தார். டெய்லருக்குக் கையில் டம்ளர் இருந்தால் பேச்சு வராது, அவருக்கு ஆள்காட்டி விரல் வேண்டும். மேஸ்திரியோ வாங்கிய டம்ளரைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பேசி முடித்த பிறகும் வெகுநேரம் மடியில் வைத்துக்கொண்டு மௌனமாக உட்கார்ந்திருந்தார். சட்டசபையில்கூட இவ்வளவு நேரம் ஒருவர் கையில் மைக் இருந்திருக்காது. கடைக்காரர்தான் வந்து பிடுங்கிக்கொண்டு போனார், கழுவ டம்ளர் இல்லையாம்.

இவரிடம் ஒரு கதை இருக்கிறது. ராஜாஜி – பெரியார் கதை. எந்த வாக்குவாதத்தையும் பத்து நிமிடத்தில் அதற்குள் கொண்டுவந்துவிடுவார். ஒருவர் சேலம் நகராட்சிக்கும் மற்றவர் ஈரோடு நகராட்சிக்கும் தலைவராக இருந்த காலத்துப் பழக்கம், 1949இல் தன் திருமணத்துக்கு முன்பு பெரியார் திருவண்ணாமலையில் ராஜாஜியைப் பார்த்துப் பேசியது, 1972 டிசம்பரில் ராஜாஜி இறந்தபோது 93 வயதுப் பெரியார் சக்கர நாற்காலியில் வந்து கண்ணீர் விட்டது. கடைசி இடத்தில் இவருக்கும் தொண்டை அடைக்கும். கதை உண்மைதான், குறை சொல்ல முடியாது.

ஆனால் இவர் விட்டுவிடும் பகுதிகள் இருக்கின்றன. 1938இல் கட்டாய இந்தியை எதிர்த்துப் பெரியார் சிறைக்குப் போனபோது மாகாணத்தை ஆண்டவர் இதே ராஜாஜி. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று சொல்லி ஊர் ஊராகப் போய்க் கிழித்தவர் இதே பெரியார். அடுத்த வருஷம் ராஜாஜி முதலமைச்சர் பதவியை விட்டே போனார். 1967இல் ராஜாஜி தி.மு.க.வோடு கூட்டணி, பெரியார் காங்கிரஸுக்குப் பிரச்சாரம். சொல்ல வந்ததை இருவரும் சொல்லிவிட்டார்கள், ஒரு சொல்லைக் கூட மழுப்பவில்லை. சிநேகிதம் அதன் பாட்டுக்கு இருந்தது. இதையெல்லாம் இவரிடம் நான் ஒருநாள் சொன்னபோது, "சரிதான், அடிப்படையில ரெண்டு பேருக்கும் கருத்து வேற்றுமையே இல்லை" என்றார்.

டெய்லர் அன்றைக்கு ஒரு கேள்வி கேட்டார். "ஏங்க, அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல யாராச்சும் உக்காந்திருந்தாங்களா?"

"இல்ல, ஏன்?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

மேஸ்திரி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கட்சி பிரிந்ததிலிருந்து டெய்லர் சொன்ன எதற்கும் அவர் அப்படிச் சிரித்ததில்லை. அந்த வகையில் இவருடைய முயற்சிக்குப் பலன் இல்லை என்று சொல்லிவிட முடியாது. இவரைக் கண்டதும் இருவரும் ஒரே பெஞ்சின் ஒரே கோடிக்கு நகர்ந்து உட்காருகிறார்கள். இவர் தலை தெரிந்ததும் "வர்றான் பாரு" என்று இரண்டு குரலும் சேர்ந்தே வருகிறது.

நல்ல மனிதர், அதிலும் சந்தேகமில்லை. மேஸ்திரிக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது, போக மனமிருந்தும் வீம்பு பிடித்துக்கொண்டிருந்த டெய்லரைத் தன் ஸ்கூட்டரில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவர் இவர்தான். போகிற வழியெல்லாம், அங்கே மேஸ்திரி என்ன பேசினாலும் அதில் சொல்ல வருவது என்ன என்று முன்கூட்டியே விளக்கிக்கொண்டு போனாராம். கல்யாண வீட்டில் சம்பந்திகளுக்கு நடுவிலும், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பேரனுக்கும் பெரியப்பாவுக்கும் நடுவிலும் இவர் செய்வதை நான் சொல்லப்போவதில்லை. அது அந்தந்தக் குடும்பத்தின் துயரம்.

கிராம சபையில் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 2. பள்ளிக்கூட மைதானத்தில் சாமியானா, வரவு செலவுக் கணக்கு அச்சடித்த பிளக்ஸ், ஒன்றியத்திலிருந்து வந்திருந்த பற்றாளர். எங்கள் ஊர் மக்கள்தொகைக்கு 200 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் வந்திருந்ததால் தாண்டிவிட்டது. இவர் முன்வரிசையில், மிகுந்த சந்தோஷத்தில். ஊராட்சித் தலைவர் தேர்தலிலும் வார்டு உறுப்பினர் தேர்தலிலும் கட்சிச் சின்னமே கிடையாது என்பது இவருக்குப் பிடித்த சட்டம். பூட்டு சாவி எந்தக் கட்சி, ஆட்டோ எந்தக் கட்சி என்று ஊரில் நண்டு சிண்டுக்கெல்லாம் தெரியும், இவர் ஒருவருக்கு மட்டும் இன்றுவரை தெரியாது.

பேச்சு ஏரி வாய்க்காலுக்கு வந்தது. ராத்திரி இரண்டு மணிக்குக் கழிவுநீர் லாரி வந்து, செப்டிக் டேங்குகளில் உறிஞ்சியதை எல்லாம் வாய்க்காலில் திறந்துவிட்டுப் போகிறது. ஒரு லாரி இல்லை, வரிசையாக வருகின்றன. மேஸ்திரி எழுந்து சொன்னார். டெய்லர் எழுந்து, "மேஸ்திரி சொல்றது நூத்துக்கு நூறு சரி" என்றார். பூட்டு சாவியும் ஆட்டோவும் தலையாட்டின. லாரிகளைப் பிடித்து வழக்குப் போட மாவட்ட ஆட்சியரைக் கேட்டுக்கொள்வது என்று தீர்மானம் எழுதப்பட்டது. பிளவு என்று பெயருக்குக்கூட எதுவும் இல்லை. ஒரு ஊரே ஒரு பக்கம் நின்றது. இதைத்தானே இவர் வாழ்நாளெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்?

எழுந்தார். "மறுதரப்பு இங்க வரல. அவங்க இல்லாதப்ப பேசறது மரியாதை இல்ல. லாரிக்காரங்க சொல்ல வர்றது என்னன்னா…"

கால் மணி நேரம் பேசினார். பற்றாளருக்கு இவரை மிகவும் பிடித்துப்போனது, ஏனென்றால் வழக்குப் போடச் சொன்னால் அவருக்கு வேலை, கலந்து பேசச் சொன்னால் வேலையில்லை. தீர்மானம் திருத்தப்பட்டது. கழிவுநீர் விடுவோரும் பொதுமக்களும் பரஸ்பர மரியாதையுடன் கலந்து பேசி, இரு தரப்புக்கும் ஏற்புடைய தீர்வு காணக் கேட்டுக்கொள்ளப்படுகிறது.

இதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. முட்டைக்கும் சோற்றுக்கும் நடுவில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம், பாதகமில்லை. வாய்க்காலுக்கும் மலத்துக்கும் நடுவில் என்ன இடம் இருக்கிறது? ராத்திரி லாரியைத் திறந்துவிட்டுப் போகிறவனுக்கு மரியாதை தெரிந்திருந்தால் பகலில் அல்லவா வந்திருப்பான்? கீழத்தெருவில் பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் சொறி. யாரோடும் மனஸ்தாபம் வேண்டாம் என்று ஒருவர் நினைப்பது அவருடைய சொந்த விருப்பம். அதற்கான செலவை மட்டும் கீழத்தெருக்காரர்கள் கொடுக்க வேண்டுமா? இவர் வீடு மேட்டுத் தெருவில் இருக்கிறது. தண்ணீர் கேன் வாங்குகிறார்.

பெண்கள் வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்து ஏதோ சொல்லத் தொடங்கினார். சத்தத்தில் கேட்கவில்லை. இவர் உடனே திரும்பி, எல்லாரையும் கையமர்த்திவிட்டு, "அம்மா சொல்ல வர்றது என்னன்னா…" என்றார்.

"ஐயா, நான் சொல்ல வர்றதை நானே சொல்லிக்கிறேன். நீங்க கொஞ்சம் உக்காருங்க."

மைதானத்தில் விசில் பறந்தது. முதல் விசில் யாருடையது என்று டெய்லரும் மேஸ்திரியும் இப்போது தினமும் சண்டை போடுகிறார்கள். இவர் உட்கார்ந்தார். அந்த அம்மா தங்கள் தெரு அடிபம்பில் என்ன வருகிறது என்று ஒரே வாக்கியத்தில் சொன்னார். பச்சையான வாக்கியம், பத்திரிகையில் போட மாட்டார்கள். பிறகு, "மொதல்ல எழுதினதையே எழுதுங்க. வேற எதுலயும் நாங்க கையெழுத்துப் போட மாட்டோம்" என்றார். ஊராட்சிச் செயலர் பற்றாளரைப் பார்த்தார், பற்றாளர் பிளக்ஸைப் பார்த்தார். பரஸ்பர மரியாதை அடிக்கப்பட்டு, வழக்கு மறுபடி எழுதப்பட்டது.

கையெழுத்து வரிசையில் முதல் ஆளாக நின்றது யார் என்று நினைக்கிறீர்கள்? இவர்தான். போட்டுவிட்டும் பேனாவைத் திருப்பிக் கொடுக்காமல் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். செயலர் எட்டிப் பார்த்தார்.

"சார், இதுல கையெழுத்து மட்டும்தான் போடணும்."

"அதான் போட்டுட்டேனே தம்பி. பக்கத்துல சின்னதா ஒரு விளக்கம், அவ்வளவுதான்."