ஆணி மட்டும் அடிச்சிடாதீங்க

அட்வான்ஸைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்குள் மேல்வீட்டில் டிரில்லிங் மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது. இந்த முறை மாடுலர் கிச்சனாம். அதற்கு முன்னால் வார்ட்ரோப், அதற்கும் முன்னால் ஃபால்ஸ் சீலிங். பில்டர் கட்டி முடித்துச் சாவி கொடுத்த பிறகுதான் ஒவ்வொரு ஓனரும் தன் வீட்டை மறுபடி முதலிலிருந்து கட்டுகிறார். பக்கத்து வீட்டில் டைல்ஸ் வெட்டுகிறார்கள். எதிர்வீட்டில் ஏசிக் குழாய்க்காகச் சுவரையே துளைத்து வெளியே வந்துவிட்டார்கள். பெரும்பாக்கத்தில் இத்தாலிய ஊர் ஒன்றின் பெயரைச் சூடி நிற்கும் இந்த டவரில், சுவரைத் தொடக் கூடாத ஒரே ஆள் நான்.

"மத்ததெல்லாம் உங்க இஷ்டம் சார். ஆணி மட்டும் அடிச்சிடாதீங்க. புது வீடு."

சாவியைக் கையில் வைத்தபோது ஓனரின் அப்பா சொன்ன வார்த்தை. ஓனர் டல்லாஸில் இருக்கிறார். இந்த வீட்டில் ஓர் இரவுகூடப் படுத்ததில்லை, பால் காய்ச்சியதோடு சரி. அந்தப் பால் பொங்கிக் காய்ந்த கறையைச் சமையல் மேடையிலிருந்து சுரண்டியது என் மனைவி.

மற்ற கண்டிஷன்கள் உங்களுக்கே தெரியும். ஃபேமிலிதானே, எத்தனை பேர், நான்வெஜ் உண்டா, சாமான் ஏற்ற லிஃப்டுக்குத் தனி சார்ஜ், மெயின்டெனன்ஸ் கட்டுவது நாம், அசோசியேஷன் கூட்டத்தில் பேசுவது அவர்கள். அதெல்லாம் பழகிவிட்டது. ஆனால் ஆணி?

ஆணி இல்லாமல் ஒரு தமிழ்க் குடும்பம் எப்படிக் குடித்தனம் நடத்துவது? தினசரி காலண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ராகு காலம் பார்க்காமல் என் அம்மா பால் பாக்கெட்டைக்கூடக் கத்தரிக்க மாட்டார். போனிலேயே பார்க்கலாம் என்றால், "கிழிக்க முடியுமா?" என்கிறார். ஆக, ஸ்டிக்கர் ஹூக் வாங்கினேன். ஐந்து கிலோ தாங்கும் என்று அட்டையில் போட்டிருக்கிறது. சென்னைக்கு வெளியே எங்கோ நிறுத்துப் பார்த்திருக்கிறார்கள். முழுத் தடிமனோடு ஜனவரியில் மாட்டிய காலண்டர் பொங்கலுக்குள் விழுந்துவிட்டது. அக்டோபர் வாக்கில் முக்கால்வாசி கிழித்த பிறகு மாட்டினால் நிற்கும் என்று கணக்குப் போட்டு, அதுவரை ஃபிரிட்ஜ் மேல் படுக்க வைத்திருக்கிறோம். அம்மா அதைப் பார்க்க ஒவ்வொரு நாளும் ஸ்டூல் போட்டு ஏறுகிறார்.

அடுத்து சாமி படங்கள். முருகன், பெருமாள், மகாலட்சுமி எல்லோரும் தரையில் சுவரோரம் சாய்ந்திருக்கிறார்கள். பெருக்கும்போது ஒவ்வொருவரையும் நகர்த்த வேண்டும். கடிகாரம் ஜன்னல் திட்டில். கண்ணாடி வாஷ்பேசின் குழாய் மேல் சாய்ந்திருப்பதால், இடுப்புக்குக் கீழே மட்டும் நான் நன்றாகத் தெரிகிறேன். மாமனார் படத்துக்கு மாலை போட்டு, சீரியல் பல்பு சுற்றி, சோஃபாவில் வைத்திருக்கிறோம். காபிக்குக் காத்திருக்கும் விருந்தாளி மாதிரி அவர் எங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார். உயிரோடு இருந்தபோதும் இப்படித்தான் பார்ப்பார், அது வேறு.

சரி, திருட்டுத்தனமாக ஒன்று அடித்துவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. இந்தக் காலத்துச் சுவர் பழைய செங்கல் சுவர் இல்லை. ஏஏசி பிளாக். உள்ளே பாதி காற்று. ஆணி வெண்ணெயாக இறங்கும், அதே சுலபத்தில் வெளியேயும் வரும். தூண் வரும் இடத்திலோ கான்கிரீட். அங்கே ஆணி வளையும், கட்டைவிரல் நசுங்கும். பூச்சுக்குப் பின்னால் எது இருக்கிறது என்று தட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தட்டினால் உடனே வாட்ஸ்அப் குழுவில், "ஞாயிற்றுக்கிழமையில் யாருங்க சுத்தியலோடு?" என்று கேள்வி வரும். கேட்பவர் மேல்வீட்டுக்காரர். டிரில்லை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு டைப் செய்கிறார்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், விழுந்த ஹூக் சும்மா விழவில்லை. பெயின்ட், பட்டி எல்லாவற்றையும் உள்ளங்கை அகலத்துக்கு உரித்துக்கொண்டு விழுந்தது. ஆணி அடித்திருந்தால் கடுகளவு ஓட்டையோடு போயிருக்கும்.

காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடித்துக்கொள்வார்கள் என்பது ஊரறிந்தது. தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு வர்ணம் பூசுவது எல்லாம் வீட்டு உரிமையாளர் பொறுப்பு என்று அட்டவணை போட்டே சொல்கிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கும் வந்துவிட்டது. குழாய் வாஷர் மாற்றுவது யார் வேலை என்பதுவரை எழுதியவர்கள், ஆணியைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கலாம். இந்தச் சட்டத்தை ஓனரின் அப்பாவிடம் ஒருமுறை மெதுவாக எடுத்துச் சொன்னேன். "சட்டமெல்லாம் பழைய வீட்டுக்கு சார், இது புது வீடு" என்றார். அட்வான்ஸுக்கும் அந்தச் சட்டம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது, அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

போன வாரம் அவரே வந்தார். பாத்ரூம் சீலிங்கில் ஈரம் கசிகிறது என்று நான் நச்சரித்ததால் வந்தவர், செல்போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு முதலில் ஹாலுக்குப் போனார். பிறகு பெட்ரூம். கதவுக்குப் பின்னால் கூடப் பார்த்தார். "ஆணி ஒண்ணும் அடிக்கல போலிருக்கே" என்றார். குரலில் லேசான ஏமாற்றம். உரிந்த இடத்துக்கு முன்னால் மாமனாரைச் சாய்த்து வைத்திருந்தோம். அவர் அசையவில்லை.

"சீலிங் ஈரம் சார்?"

"அது பில்டர் பாத்துக்குவான். ரெரா சட்டத்துல அஞ்சு வருஷம் அவன் பொறுப்பு."

சட்டம் புது வீட்டுக்கும் பொருந்தும் நேரங்கள் உண்டு போலும். எனக்கு அக்ரிமென்டே 11 மாதம்தான். ஒரு வருஷத்தைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டுமென்று ஊரே போடும் அதே 11 மாதம்.

பிறகு பையிலிருந்து பித்தளைப் பலகை ஒன்றை எடுத்தார். மகன் பெயரும் மருமகள் பெயரும் வளைந்து வளைந்து பொறிக்கப்பட்டிருந்தன. டல்லாஸிலிருந்து வந்ததாம். என் வீட்டு வாசலில், காலிங்பெல்லுக்கு மேல் அது வர வேண்டுமாம்.

"சுத்தியல் இருக்கா சார்?"

இருந்தது, கொடுத்தேன். பிரிக்காத ஆணி பாக்கெட்டையும் கொடுத்தேன். முதல் ஆணி வளைந்தது. அடுத்ததும் வளைந்தது. அந்த இடம் தூண் என்று நான் சொல்லவில்லை.