கருணை அடிப்படையில் விலக்கு கோரி ஒரு மனு

பெறுநர்: தலைமை ஆணையர், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், புதுதில்லி.
பொருள்: மனநலச் செயலிகளுக்கு விலக்கு அளித்தல் – தொடர்பாக.
பார்வை: ஆணையத்தின் 30.11.2023 நாளிட்ட வழிகாட்டுதல்கள்.

மதிப்பிற்குரியீர்,

நுகர்வோரை ஏய்க்கும் 13 திரை உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்திருக்கிறீர்கள். விமான டிக்கெட் விற்பவருக்கும் செருப்பு விற்பவருக்கும் அது தேவைதான். நிம்மதி விற்பவர்களையும் அதே வரிசையில் நிறுத்தலாமா?

வேண்டாம் என்பவரைக் கூச வைப்பது அந்தப் பட்டியலில் ஒன்று. காப்பீட்டை மறுக்கும் பயணியிடம் ‘நான் பாதுகாப்பில்லாமலே இருந்துகொள்கிறேன்’ என்று சொல்ல வைப்பதை நீங்களே உதாரணம் காட்டியிருக்கிறீர்கள். தியானச் செயலியும் ஆண்டுச் சந்தாவை மறுப்பவரிடம் ‘என் மன அமைதியைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன்’ என்று எழுதி வாங்கத்தான் பார்க்கிறது. ஆனால் இளநீலப் பின்னணியில், ஓடைச் சலசலப்போடு! இரண்டும் ஒன்றாகிவிடுமா?

பற்றற்று இருக்கச் சொல்லித்தருகிற செயலி, காய்ச்சலில் படுத்தவரிடம் ‘உங்கள் 40 நாள் தொடர்ச்சி அறுந்தது’ என்று அறிவிப்பதைச் செய்முறைத் தேர்வாகக் கொள்ள வேண்டுகிறேன்.

செயலி நடத்துபவர்களின் கஷ்டத்தையும் பாருங்கள். 93 மனநலச் செயலிகளை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வின்படி, நடுத்தரமான ஒரு செயலியை 30ஆம் நாளிலும் திறந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 3 பேர். மற்ற 97 பேர் தேறிவிட்டார்களா, வெறுத்துப்போனார்களா? செயலிக்குத் தெரியாது. தெரிந்துதான் என்ன? முதலீட்டாளர் கணக்கில் இருவரும் போனவர்கள்தான். குணமானவரால் வரும் நஷ்டத்தை எந்த வங்கி ஈடு செய்யும்?

ஆகவே நச்சரிக்கிறார்கள். அதற்குச் சாஸ்திரமும் இருக்கிறது. விருப்பம், இயலுமை, தூண்டல் மூன்றும் ஒரே கணத்தில் கூடினால் மனிதர் செயல்படுவார் என்று ஸ்டான்ஃபோர்டின் பி.ஜே. ஃபாக் 2009இல் வகுத்துக் கொடுத்தார். நள்ளிரவில் தூக்கமில்லாமல் புரள்பவருக்கு விருப்பம் ஏராளம். கட்டைவிரல் இருப்பதால் இயலுமையும் உண்டு. ‘உங்களை நினைத்துக்கொண்டோம்’ என்ற அறிவிப்பு ஒன்றுதான் பாக்கி. அதற்கும் தடை என்றால் அவர் தூங்கித் தொலைத்துவிடுவாரே!

அமெரிக்காவின் வழியில் நீங்களும் போய்விடக் கூடாது. ஆலோசனைக்கு வந்தவர்களின் விவரங்களை ஃபேஸ்புக், ஸ்னாப்சாட், கிரிட்டியோ, பின்டரெஸ்ட் ஆகியவற்றுக்குக் கொடுத்ததாகப் புகார் எழுப்பி, அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2023இல் பெட்டர்ஹெல்ப் என்ற இணையவழி மனநல ஆலோசனை நிறுவனத்தை 78 லட்சம் டாலர் செலுத்த உடன்பட வைத்தது. பகிர்ந்தால் துக்கம் குறையும் என்பது நம் பாட்டிமார் சொன்னது. நான்கு கம்பெனிகளோடு பகிர்ந்தால் எவ்வளவு குறைந்திருக்கும்!

இப்படிக்கு,
செயலிகளின் நலம்விரும்பி

பி.கு.: 14416 என்ற எண்ணில் அரசே 2022 முதல் ‘டெலி மனஸ்’ என்ற மனநல உதவிச் சேவையை நடத்துகிறது. அழைத்தால் தமிழிலேயே பேசுகிறார்கள், இலவசம். பேசி முடித்தபின் தொடர்ச்சிக் கணக்கு இல்லை, பதக்கம் இல்லை, ஆண்டுச் சந்தாவில் தள்ளுபடியும் இல்லை. வாடிக்கையாளரைப் பிடித்துவைக்கும் அக்கறையே இல்லாத இந்தப் போக்கின் மீது தக்க நடவடிக்கை எடுக்கவும்.