விருதுநகர் வட்டார வைஃபை பாஸ்வேர்டுகளின் திடம்: ஓர் ஆய்வு

பட்டாசின் திடத்தை அளக்க நாட்டில் விதி உண்டு. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளிக் கருவி வைத்தால் சத்தம் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று 1999ல் வகுத்தார்கள். அந்தப் பட்டாசை விற்கும் சிவகாசிக் கடையில், கல்லாவுக்கு மேலே மினுக்கிக்கொண்டிருக்கும் ரூட்டரின் பாஸ்வேர்டு எத்தனை நொடி தாங்கும் என்பதற்கோ ஒரு விதியும் இல்லை. இக்குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

இத்துறையின் முன்னோடிகள் மும்பை போலீஸார். 2008 அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் வந்த மின்னஞ்சல், நவி மும்பையில் பூட்டாமல் கிடந்த ஒருவரின் வைஃபை வழியே போயிருந்தது. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் அவர்கள் கருவியும் கையுமாகத் தெருத்தெருவாய்ப் பூட்டில்லாத வைஃபையைத் தேடினார்கள். நமக்கு அந்த அதிகாரம் கிடையாது. அடுத்தவர் வைஃபைக்குள் அனுமதியின்றி நுழைந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஆம் பிரிவு 3 ஆண்டு வரை உள்ளே வைக்கக்கூடும். ஆகவே இக்களஆய்வு முழுவதும் காகிதத்தில் நடந்தது.

முதலில் கோட்பாடு. வைஃபையைப் பூட்டும் டபிள்யூபிஏ2 முறையில் பாஸ்வேர்டு 8 எழுத்துக்குக் குறையாமலும் 63க்கு மிகாமலும் இருக்க வேண்டும். செல்போன் ரூட்டரோடு சேரும்போது நான்கு செய்திகள் கைமாறும். அவற்றைப் பக்கத்தில் நின்று பிடித்துக்கொண்டவர், பிறகு வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு பாஸ்வேர்டாகப் போட்டுப் பார்க்கலாம். ரூட்டருக்குச் சேதியே தெரியாது. ஒவ்வோர் ஊகத்தையும் 4,096 சுற்று அரைத்தால்தான் சரிபார்க்க முடியும் என்று தடை வைத்திருக்கிறார்கள். அப்படியும் நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒன்று நொடிக்கு 10 லட்சம் ஊகத்துக்கு மேல் அரைத்துத் தள்ளுகிறது. கணக்குக்கு 10 லட்சம் என்றே கொள்வோம்.

இனி மாதிரிகள். வீட்டுக்காரரின் செல் நம்பர்: 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில் தொடங்கும் பத்து இலக்கம், மொத்தம் 400 கோடி வாய்ப்பு. ஒரு மணி ஏழு நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதே நம்பர் கடைப் பெயர்ப் பலகையிலும் இருப்பதால் அவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டியதும் இல்லை. டிஎன்67 என்று தொடங்கும் வண்டி நம்பர்: ஏழு நொடி. மகள் பிறந்த தேதி: நூறு ஆண்டுக்கும் சேர்த்து 36,525 நாள்தான், கண்ணிமைக்க நேரமில்லை.

இம்மாவட்டத்துக்கே உரிய மாதிரி ஒன்று உண்டு: 15071903. காமராஜர் பிறந்த நாள். பார்த்துப் பார்த்துச் செய்ததுபோல எட்டு இலக்கம், ரூட்டர் மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்ளும். ஆனால் ஜூலை 15 தமிழகப் பள்ளிகளில் கல்வி வளர்ச்சி நாள். இதைத் திறக்கக் கிராபிக்ஸ் கார்டு எதற்கு, ஆறாம் வகுப்புப் பிள்ளை போதாதா?

பட்டாசு ஆலைகளை ஆய்வில் சேர்க்கவில்லை. மருந்து அறைப் பக்கம் செல்போனே கூடாது என்பது விதி. மாவட்டத்தில் உடைக்கவே முடியாத வைஃபை அங்கேதான் இருக்கிறது, அதாவது இல்லை.

தலைவிதி என்னவென்றால், கணக்குப்படி நல்ல பாஸ்வேர்டு வைப்பது சுலபம். சம்பந்தமில்லாமல் பொறுக்கிய 12 சிறிய ஆங்கில எழுத்து 3,000 ஆண்டுக்கு மேல் தாங்கும். பெங்களூரிலிருந்து தீபாவளிக்கு வரும் மகன் அப்படி ஒன்றை வைத்துவிட்டுத்தான் போகிறான். அப்பா அதை மறக்காமலிருக்க, சிவகாசியிலேயே அச்சான தினசரிக் காலண்டரின் அட்டையில், முருகன் படத்துக்குக் கீழே, கொட்டை எழுத்தில் எழுதிவைக்கிறார். தாள்தான் தினம் கிழியும், அட்டை டிசம்பர் 31 வரை சுவரில் தொங்கும்.

அட்டையில் எழுதாத வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? வந்தவருக்குத் தண்ணீர் செம்பு நீட்டி முடிப்பதற்குள், “மாப்ளே, வைஃபை என்னது?” என்ற கேள்வி வரும். அதற்கு “தெரியாது மாமா” என்று சொல்லக்கூடிய மாப்பிள்ளையை ஆய்வாளர் இன்னும் சந்திக்கவில்லை. 4,096 சுற்றும் இங்கே ஒரே சுற்றில் முடிகிறது.

விருந்தாளிகளுக்கென்று தனி வைஃபை வைக்கும் வசதி இன்று பெரும்பாலான ரூட்டர்களில் உண்டு. நிபுணர்கள் அதைத்தான் பரிந்துரைக்கிறார்கள். நிபுணர்களுக்குச் சம்பந்தி வீடு கிடையாது போலும். சம்பந்தியின் போனில் “கெஸ்ட்” என்று பெயர் வந்து, அவர் அதை மூக்குக்கண்ணாடியை உயர்த்திப் படித்த பிறகு நடப்பவை இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டவை.