பத்தும் ஒருவருக்கே

டெஸ்ட் இன்னிங்ஸ் ஒன்றில் பத்து விக்கெட்டையும் ஒருவரே எடுத்தது இதுவரை மூன்று முறைதான். 1956-ல் மான்செஸ்டரில் ஜிம் லேக்கர் எடுத்ததைப் படித்துத்தான் தெரிந்துகொண்டோம். மற்ற இரண்டும் கண்ணால் கண்டவை.

1999 பிப்ரவரி 7, ஞாயிறு. அப்போது செம்பூரில் குடியிருந்தோம். டெல்லி கோட்லாவில் 420 ரன்னைத் துரத்திய பாகிஸ்தான் விக்கெட் விழாமலே 101 எடுத்தபோது அறையில் பேச்சு நின்றுவிட்டது. ஒரு வாரத்துக்கு முன்புதான் சேப்பாக்கத்தில் 12 ரன்னில் தோற்றிருந்தோம். பிறகு கும்ப்ளே ஆரம்பித்தார். ஆறு விழுவதற்குள் பக்கத்து வீடெல்லாம் எங்கள் டிவி முன்னால். உட்கார்ந்த இடத்தை விட்டு யாரையும் அசையவிடவில்லை எதிர்வீட்டு மாமா. ஒன்பது விழுந்ததும் ஸ்ரீநாத் தனக்கு விக்கெட் கிடைத்துவிடக் கூடாதென்று ஸ்டம்பை விட்டு விலக்கி விலக்கிப் போட்டார். எனக்கு இன்றைக்கும் அந்த ஓவர்தான் பெரிது. கடைசியில் வாசிம் அக்ரமின் கேட்சை லக்ஷ்மண் பிடித்தார். 74 ரன்னுக்குப் பத்து. "நம்ம ஆளு!" என்று மாமா கத்தினார். கும்ப்ளே பெங்களூர்க்காரர், நாங்கள் திருநெல்வேலி, இருந்ததோ மும்பையில். நம்ம ஆள் யாரென்பதில் அன்று எவருக்கும் சந்தேகமில்லை.

2021 டிசம்பர் 4. அதற்குள் மும்பையை ஒட்டிய ஐரோலிக்கு வந்துவிட்டிருந்தோம். ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு போன். மும்பை வான்கடேயில் நம் விக்கெட்டுகளை வரிசையாக எடுத்துக்கொண்டிருந்தார் நியூசிலாந்தின் அஜாஸ் படேல். மும்பையில் பிறந்து, எட்டு வயதில் பெற்றோருடன் நியூசிலாந்துக்குப் போனவர். எட்டாவது விழுந்ததும் மகன் ஹாலுக்கு வந்தான். "அப்பா, மிச்சமும் இவரே எடுக்கட்டும்." நம் கடைசி ஆள் அவுட்டாக வேண்டுமென்று வீடே காத்திருந்தது. சிராஜ் தூக்கி அடித்தார், ரச்சின் ரவீந்திரா பிடித்தார். 119-க்குப் பத்து. முதல் பந்திலேயே அஜாஸிடம் போல்டாகியிருந்த அஸ்வின், இந்திய வீரர்கள் கையெழுத்திட்ட சட்டையைப் பின்னர் அவருக்குக் கொடுத்தார். அதைப் பார்க்க மனசு நிறைந்தது.

"மும்பைப் பையன்" என்று சொசைட்டியில் எல்லோரும் கொண்டாடினார்கள். எனக்கு அது முழுதாக ஒட்டவில்லை. வேகப்பந்து போட்டுக்கொண்டிருந்தவர், இருபதுகளில் சுழலுக்கு மாறி, முப்பது வயதில்தான் டெஸ்ட் ஆடினார். அந்த உழைப்பெல்லாம் நியூசிலாந்தில் நடந்தது. ஐரோலியில் மராத்தி பேசி வளரும் என் மகனை ஊரில் 'திருநெல்வேலிப் பையன்' என்று சொந்தம் கொண்டாடும்போதும் இதேதான் தோன்றும். பெருமைப்படலாம், உழைப்பில் பங்கு கேட்கக் கூடாது.

பத்து விக்கெட் எடுத்தவருக்கு அடுத்த தொடரில், சொந்த நாட்டிலேயே, அணியில் இடமில்லை. அது எனக்கு ஆறவே இல்லை.

2024 நவம்பரில் அதே வான்கடேயில் 11 விக்கெட் எடுத்தார். நாம் 25 ரன்னில் தோற்றோம், தொடர் 3-0. மகனுக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. எனக்கும் வருத்தம்தான். ஆனாலும் அஜாஸுக்குக் கைதட்டிவிட்டுத்தான் டிவியை அணைத்தேன்.