சித்திரையில் ஒழுகாத கூரை

கூரை ஆய்வு என்பது, மொட்டைமாடியின் விரிசல்களையும், தட்டோடுகளின் இடைவெளிப் பூச்சையும், மழைநீர் வடியும் சாய்வையும் விலை பேசுமுன் சோதிப்பதாகும். சென்னை வீட்டு விற்பனையில் இக்கலை மேலும் செம்மையுற்று, அண்ணாந்து பார்க்கும் தேவையே நீங்கிவிட்டது. வாங்குவோர் 30 ஆண்டு வில்லங்கச் சான்றிதழை, அதாவது சொத்தின் மீது பதிவான அடமானம், விற்பனை முதலியவற்றைக் காட்டும் பதிவுத்துறை ஆவணத்தை, வரிவரியாகப் படிக்கின்றனர். ஒழுகல் எதுவும் அதில் பதிவாகியிருப்பதில்லை. ஈசானிய மூலையை வாஸ்து வல்லுநர் அளக்கிறார். மழைக்கு எல்லா மூலையும் ஒன்றே என்பது அவர் துறைக்கு அப்பாற்பட்டது.

வாங்குவோர் சாதாரணக் கவனத்தால் கண்டறிய இயலாத முக்கியக் குறையை விற்பவர் அறிந்திருந்தால் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு. அக்கடமையை அவர் சித்திரையில், உட்கூரைக்கு இரண்டு பூச்சு வெள்ளையடித்த பின், மனமார நிறைவேற்றுகிறார்: குறை ஏதும் தென்படவில்லை, ஆகவே தெரிவிக்கவும் ஏதுமில்லை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வருவது வானிலைத் துறையின் விவகாரம்.

இத்தகைய நுண்ணறிவாளர், கிடைத்த தொகையைக் கொண்டு வைகாசிக்குள் வேறொரு வீட்டை வாங்கிவிடுகிறார். அதன் உட்கூரையும் புது வெள்ளையில் கண்ணைப் பறிக்கிறது.