தவிலோசையைத் தாளில் ஏற்றுதல்: தீவகத் திருவிழாக்களை முன்வைத்து ஓர் ஆய்வு

ஓசைக்கு உருவமில்லை, தாளுக்குச் செவியில்லை என்பன யாவரும் ஒப்பிய முடிபுகள். ஆயினும் நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலின் ஆனி மகோற்சவத்தில் முழங்கும் மேளக் கச்சேரியை ஓவியர் ஒருவர் கோட்டில் வரைந்தால் அப்படம் கேட்குமா என்னும் வினா எழுவதால், அதனை முறைப்படி ஆராய வேண்டியுள்ளது.

இத்துறைக்கு வழி வகுத்தோர் ஆனந்த விகடன் ஓவியர்கள் ஆவர். 1930களில் சங்கீத வித்துவான்களைக் கேலிச்சித்திரமாக்கிய மாலியும், கொத்தமங்கலம் சுப்புவின் ‘தில்லானா மோகனாம்பாள்’ தொடருக்குப் படம் வரைந்த கோபுலுவும் (1924–2015) தந்த சித்திர மரபிலிருந்து மூன்று விதிகளை வகுக்கலாம்.

முதலாவது, கன்ன விதி. நாதஸ்வரத்தின் நுனியில் செருகப்படும் நாணல் ஊதுவாயாகிய சீவாளியைப் பற்றிய உதடுகளுக்கு இருபுறமும் எழும் வீக்கம் அரைக்கன்னம், முழுக்கன்னம், அபாயக்கன்னம் என மூவகைப்படும். மூன்றாவதை வரைபவர் பக்கத்தில் ஒரு விசிறியையும் வரைதல் நலம்.

இரண்டாவது, கை விதி. தவிலின் வலந்தலையைக் கூடு எனப்படும் கெட்டியான உறைகள் அணிந்த விரல்களும், இடப்பக்கத்தைக் கழியும் தாக்கும்போது வேகத்தைக் காட்டக் கைகளைப் பெருக்கி வரைவது வழக்கம். ஆனால் யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி போன்ற ஒரு மேதைக்கு எத்தனை கைகள் போதும் என்பது தீராச் சிக்கல். பன்னிரண்டு ஆனவுடன் பார்ப்பவர் முருகன் என்று கும்பிட்டுவிடும் இடர் உண்டு.

மூன்றாவதும் தலையாயதுமான விதி, ஓசையைக் கேட்பவரிடத்தில் வரைதல். வீதியில் நிற்பவர் உரித்த கச்சானை வாய்க்குக் கொண்டுபோகும் வழியில் மறந்து நிற்பாராயின் தனியாவர்த்தனம் சூடு பிடித்தது என்றும், குறிகட்டுவானுக்குப் போகும் கடைசிப் படகை எண்ணி அவர் கண்கள் இறங்குதுறைப் பக்கம் திரும்புமாயின் வாசிப்பு சுமார் என்றும் கொள்க. கடைசிப் படகு போனதையும் அறியாது நிற்பவரை வரைந்துவிட்டால், வித்துவானை வரையாமலே விடலாம்.

இவ்விதிகளுள் எதற்கும் அடங்காதவர் ஒத்து ஊதுபவர்: ஒரே சுருதியை இடைவிடாது பிடிக்கும் அவருக்குக் கன்னம் மாறுவதில்லை, கை அசைவதில்லை, எவரும் அவரைப் பார்ப்பதுமில்லை. அவரிடத்தைச் சுருதிப்பெட்டி பிடித்துக்கொண்டதைச் சங்கீத உலகம் இழப்பெனக் கருதினும், ஓவியருக்கு அது பேருதவியே. பெட்டிக்கு நான்கு கோடுகள் போதும்.